சீட்டில் திரை இல்லாத விமானம், கையில் இருக்கும் போன்: வைஃபை வழியாகப் படம் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை எங்களுடையது. வருகிறவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள். மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி, வள்ளியூர், திசையன்விளை என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். டிக்கெட்டை வாங்கியதும் முதல் கேள்வி பெட்டி எத்தனை கிலோ என்பது. அதற்கு அடுத்த கேள்வி, "அண்ணாச்சி, ப்ளேன்ல டிவி இருக்குமா?"

முன்பெல்லாம் இருக்கும், இருக்காது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். இப்போது முடியவில்லை. பல விமானங்களில் சீட்டுக்குப் பின்னால் திரை கிடையாது. ஆனால் படம் உண்டு. அது வைஃபை வழியாக உங்கள் போனுக்கே வரும். போன் தயாராக இல்லாவிட்டால் அந்தப் படம் உங்களுக்கு இல்லை.

இதை என் அம்மா மூலம்தான் புரிந்துகொண்டேன். அக்காவைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து முதன்முறையாகத் தனியாகப் போனார்கள். நான்கு மணி நேரப் பயணம். சீட்டுப் பையில் ஓர் அட்டை இருந்திருக்கிறது. படம் பார்க்க எங்கள் ஆப்பை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம். பறக்கும்போது அதை எங்கே போய் இறக்குவது? டிக்கெட் போட்ட எனக்கும் அந்த நிறுவனம் ஒரு வரி சொல்லவில்லை. திரும்பி வந்ததும் அம்மா சொன்னது இதுதான்: "அவசர வழி எங்க இருக்குன்னு போட்டிருந்த அட்டைய நாலு தடவ படிச்சேன்டா." அன்றிலிருந்து, எங்களிடம் டிக்கெட் எடுக்கும் பெரியவர்களின் போனை மேசையில் வைத்து, எல்லாம் சரிசெய்து கொடுத்துதான் அனுப்புகிறோம். நேரில் வர முடியாதவர்களுக்காக இந்தப் பக்கம்.

திரையே இல்லை என்றால் படம் எங்கிருந்து வருகிறது?

விமானத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு பெட்டியிலிருந்து. அதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம், பாட்டு, கார்ட்டூன், விளையாட்டு எல்லாவற்றையும் விமானம் தரையில் நிற்கும்போதே அதில் ஏற்றிவிடுவார்கள். கேபின் கூரைக்குள் இரண்டு மூன்று வைஃபை கருவிகள் இருக்கும். உங்கள் போன் அந்த வைஃபையில் சேர்ந்து, வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கல்யாண வீட்டில் பின்கட்டிலேயே சோறு பொங்கிப் பந்தியில் பரிமாறுகிற மாதிரிதான். வெளியே ஓட்டலுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

பெட்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று விமானத்தோடு சேர்த்துப் பொருத்தியது. விமானத்தின் அமைப்பில் கைவைப்பதால் அதற்குத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இன்னொன்று கையில் தூக்கிப் போகக்கூடிய, பேட்டரியில் ஓடும் பெட்டி. தலைக்கு மேலே சாமான் வைக்கும் இடத்தில் வைத்துவிடுவார்கள். சார்ஜ் இறங்கினால் வேறொன்றை மாற்றி வைப்பார்கள். நெதர்லாந்தின் ஏர்ஃபை, ஸ்காட்லாந்தின் புளூபாக்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தக் கைப்பெட்டிகளுக்குப் பெயர் பெற்றவை. பயணிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அப்படியானால் நெட் பேக் போட வேண்டாமா?

வேண்டாம். உங்கள் சிம்முக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரீசார்ஜ் முடிந்துபோன போனிலும் படம் ஓடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இந்த ஏற்பாட்டின் காரணம் புரியும். ஒரு போனில் படம் தெளிவாக ஓட நொடிக்கு 1.5 மெகாபிட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தில் 180 பேர் இருந்தால் 270 மெகாபிட். அதைப் பயணம் முழுக்கச் செயற்கைக்கோள் வழியாக இறக்கினால் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. விமானத்துக்குள்ளேயே பெட்டி இருந்தால் அந்தச் செலவு இல்லை. அதே கணக்கில் இரண்டு மணி நேரப் படம் 1.35 ஜிபி வரும். ஒரு டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி இடத்தில் எழுநூறு படத்துக்கு மேல் அடங்கும்.

வைஃபை இருக்கிறதே, வாட்ஸ்அப்பில் பேசலாமா?

இங்கேதான் நிறையப் பேர் குழம்பிப்போகிறார்கள். போனின் மூலையில் வைஃபை அடையாளம் வந்துவிடும். வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். போன் கெட்டுப்போகவில்லை. அந்த வைஃபை படப்பெட்டி வரைக்கும்தான் போகும், வெளியுலகத்துக்குப் போகாது.

இண்டர்நெட் தரும் விமானங்களும் உண்டு. ஏர் இந்தியா 2025 ஜனவரி 1 முதல் உள்நாட்டுப் பயணத்திலும் சில விமானங்களில் அதைக் கொடுக்கத் தொடங்கியது. இந்திய வான்வெளியில் இண்டர்நெட் தரும் சேவைக்கு 2018-இல் வந்த விதிகளின்படி, விமானம் 3,000 மீட்டருக்கு மேல் ஏறிய பிறகுதான் அது கிடைக்கும். அது வேறு வசதி, இது வேறு. சில விமானங்களில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். அப்போது படம் இலவசமாகவும் இண்டர்நெட் காசுக்கும் இருக்கலாம். திரையில் தொகை எதுவும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "ஏறினதுக்கப்புறம் மெசேஜ் வராது, இறங்கித்தான் வரும்." அம்மாவின் போன் நான்கு மணி நேரம் பதில் சொல்லவில்லை என்று ஷார்ஜாவிலிருந்து எங்கள் கடைக்குப் பதறி அடித்துக்கொண்டு போன் வந்திருக்கிறது.

இருந்த டிவியை ஏன் எடுத்தார்கள்?

எடை. ஒவ்வொரு சீட்டுக்கும் திரை, அதற்கு வயர், காலடியில் ஒரு மின்பெட்டி என்று சேர்ந்தால் மொத்தம் கனத்துவிடும். அந்தக் கனத்தை ஒவ்வொரு பயணத்திலும் எரிபொருள் எரித்துத் தூக்க வேண்டும். ரிப்பேர் வேறு. ஒரு திரை வேலை செய்யாவிட்டால் அந்தச் சீட்டுக்காரர் வழி முழுக்கச் சண்டை போடுவார். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2017-இல், தான் வாங்கும் புதிய 737 மேக்ஸ் விமானங்களில் திரை வைக்கப்போவதில்லை, பயணிகளின் போனுக்கே அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான டெல்டா நேரெதிராகத் திரையைத்தான் நம்புகிறது. ஆக, உலகம் முழுக்க ஒரே முடிவு என்று இல்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நான்கு மணி நேரப் பயணத்துக்குப் போனே போதும். அமெரிக்கா மாதிரி நீண்ட பயணத்துக்குச் சீட்டில் திரை இருப்பதுதான் பெரியவர்களுக்கு நல்லது. கழுத்தைக் குனிந்து சின்னத் திரையைப் பத்து மணி நேரம் பார்க்க அவர்களால் முடியாது.

எந்தெந்த விமானங்களில் இந்த வசதி இருக்கிறது?

நம் ஊர்க்காரர்கள் அதிகம் போகும் வழிகளை மட்டும் சொல்கிறேன். ஷார்ஜா போகும் ஏர் அரேபியாவில் ஸ்கைடைம் என்ற பெயரில் போனுக்கு வரும் சேவை இருக்கிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் ஏர்ஃபிளிக்ஸ். ஏர் இந்தியா 2024-இல் விஸ்டா ஸ்ட்ரீம் என்று கொண்டுவந்தது. ஸ்பைஸ்ஜெட் 2020-இலேயே ஸ்பைஸ்ஸ்கிரீன் என்று தொடங்கியது. இண்டிகோ 2024 மே மாதம் டெல்லி–கோவா வழியில் சோதனை செய்து பார்த்தது. எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் போன்றவற்றின் பெரிய விமானங்களில் சீட்டிலேயே திரை இருக்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒரே நிறுவனத்தில்கூட எல்லா விமானத்திலும் இருக்காது. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் வசதியும் மாறும். இருக்கும் என்று தயாராகப் போங்கள். இல்லாமல் போனாலும் தவித்துப்போகாமல் இருக்க என்ன செய்வது என்று கீழே சொல்லியிருக்கிறேன்.

வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை போகும்போது?

அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு இதெல்லாம் எதற்கு? விசிறி வைத்த ஏடிஆர் விமானம்; சீட்டில் திரையும் கிடையாது. ஜன்னல் ஓர சீட்டு கேட்டு வாங்குங்கள். தூத்துக்குடி உப்பளங்கள் பாத்தி பாத்தியாக வெயிலில் மின்னுவதை மேலே இருந்து பார்ப்பதற்கு இணையான படம் எந்தப் பெட்டியிலும் இல்லை. வாகைக்குளம் ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்துவிட்டார்கள். பெரிய விமானங்கள் வந்து போகத் தொடங்கினால் இந்தக் கேள்விக்கு வேறு பதில் எழுத வேண்டியிருக்கும். அந்த நாள் சீக்கிரம் வரட்டும். திருவனந்தபுரத்துக்கும் மதுரைக்கும் நடுராத்திரியில் கார் பிடிக்கிற பாடு நமக்குக் குறையும்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

இதுதான் முக்கியமான கேள்வி. பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். முடிக்காவிட்டால் வானத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் நிறுவனத்தின் ஆப். டிக்கெட்டில் எந்த நிறுவனம் என்று பார்த்து, படம் பார்க்க ஆப் வேண்டுமா, பிரவுசரே போதுமா என்று அவர்களுடைய தளத்தில் தெரிந்துகொள்ளுங்கள். ஆப் வேண்டுமென்றால் இன்றே இறக்குங்கள். இறக்கினால் மட்டும் போதாது, ஒருமுறை திறந்து பாருங்கள். சில ஆப்கள் முதல் தடவை திறக்கும்போது மொபைல் எண் கேட்கும், ஓடிபி அனுப்பும். வானத்தில் ஓடிபி வராது.

ஆப் எதற்கு என்று கேட்பீர்கள். படங்களைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யாமல் இருக்கப் பூட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். பூட்டைத் திறக்கும் சாவி ஆண்ட்ராய்டில் ஒரு வகை, ஆப்பிளில் ஒரு வகை. சில சேவைகளில் பிரவுசரே அந்தச் சாவியைக் கையாளும். சிலவற்றில் ஆப் இருந்தால்தான் உண்டு. அந்தப் பூட்டினால்தான் ஸ்கிரீன் ரெக்கார்டு செய்தால் கறுப்பாக விழுகிறது. போனின் மென்பொருளில் கைவைத்து ரூட் செய்திருந்தால் படம் ஓடாமலே போகலாம்.

அடுத்தது, பிரவுசரைப் புதுப்பியுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் குரோம், ஐபோன் என்றால் சஃபாரி. போனில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இது அற்பமாகத் தெரியும். தேதி தப்பாக இருந்தால் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று போன் அடம்பிடிக்கும். பெரியவர்களின் பழைய போன்களில் இதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, மாற்று ஏற்பாடு. அந்த விமானத்தில் வசதி இல்லாமலே போகலாம். அதனால் இரண்டு படம், கொஞ்சம் பாட்டு, அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ற ஓதலோ தேவாரமோ ஞானப்பாட்டோ போனில் இறக்கி வையுங்கள். ஓடிடி ஆப்பில் இறக்கிய படங்களுக்குக் கெடு உண்டு. கெடு முடிந்தால் மறுபடி இண்டர்நெட் கேட்கும். கிளம்பும் அன்று வீட்டிலேயே ஃப்ளைட் மோடு போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் ஓடினால்தான் விமானத்திலும் ஓடும்.

கண்ணாடி, படிக்கிற கண்ணாடி, அது கைப்பையில் இருக்கட்டும். லக்கேஜ் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய், போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

சீட்டில் உட்கார்ந்த பிறகு?

ஃப்ளைட் மோடு போடுங்கள். போட்டதும் பல போன்களில் வைஃபையும் சேர்ந்து அணைந்துவிடும். அணைந்திருந்தால் அதை மட்டும் மறுபடி தட்டி எரிய விடுங்கள். ஃப்ளைட் மோடில் வைஃபை வேலை செய்யாது என்று நினைப்பவர்கள் ஏராளம். செய்யும். விமானி அனுமதித்தால் ஃப்ளைட் மோடில் உள்ள போனில் வைஃபை பயன்படுத்தலாம் என்று 2020-இல் விமான விதிகளையே திருத்தி வழி செய்திருக்கிறார்கள்.

அப்புறம் வைஃபை பட்டியலில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பாஸ்வேர்டு பெரும்பாலும் இருக்காது. சேர்ந்ததும் தானாக ஒரு பக்கம் திறக்கும், அல்லது சீட்டுப் பையில் உள்ள அட்டையில் போட்டிருக்கும் முகவரியைப் பிரவுசரில் அடிக்க வேண்டும். சேவையை எப்போது திறந்துவிடுவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் கதவு மூடியதுமே, சிலர் மேலே ஏறிய பிறகு. ஏறும்போது பெயர் தெரியவில்லை என்றால் பதறாமல் பைய பத்து இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள்.

வைஃபையில் சேர்ந்துவிட்டது, ஆனால் பக்கம் திறக்கவே இல்லை. என்ன செய்வது?

எங்களுக்கு வரும் புகார்களில் இதுதான் முதலிடம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இந்த நெட்வொர்க்கில் இண்டர்நெட் இல்லை, தொடர்ந்து இருக்கவா?" என்று போன் கேட்கும். பயந்துபோய் வேண்டாம் என்று அழுத்திவிடுவார்கள். ஆம் என்று அழுத்த வேண்டும். இண்டர்நெட் இல்லாததுதான் இங்கே இயல்பு.

கூகுள் பெட்டியில் முகவரியை அடித்துத் தேடினால் வராது. தேடுவதற்கு இண்டர்நெட் வேண்டுமே. மேலே இருக்கும் முகவரிப் பட்டையில், அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்து விடாமல் அடியுங்கள்.

விபிஎன், அதாவது போனின் இணைப்பை வேறு வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப், இருந்தால் அணையுங்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பா போனில் விபிஎன் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று உண்டு. அதில் யாராவது ஒரு முகவரியைப் போட்டு வைத்திருந்தால், போன் முதலில் வெளியே போய் அந்த முகவரியைத் தேடும், கிடைக்காமல் அப்படியே நின்றுவிடும். அதை "தானியங்கி" அல்லது "ஆஃப்" என்று மாற்றுங்கள். விளம்பரம் தடுக்கும் ஆப்களுக்கும் இதே கதைதான்.

இவ்வளவும் செய்து நடக்கவில்லை என்றால் வைஃபையை அணைத்து மீண்டும் போடுங்கள். பக்கத்துச் சீட்டுக்காரருக்கு வருகிறதா என்று கேளுங்கள். யாருக்குமே வரவில்லை என்றால் பணிப்பெண்ணிடம் சொல்லலாம்; பெட்டியை அணைத்து மறுபடி போட அவர்களால் முடியும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஆங்கிலம் வராது என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள் நம் ஆட்கள். போனைக் காட்டி "வைஃபை" என்று ஒரு சொல் சொன்னாலே அவர்களுக்குப் புரியும். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துத்தானே ஏறியிருக்கிறோம்.

ஃப்ளைட் மோடு போடாமல் விட்டால் என்ன ஆகும்?

விதியை மீறுவதாகும், அது ஒன்று. பர்ஸும் கடிபடலாம், அது இன்னொன்று. சில பெரிய வெளிநாட்டு விமானங்களில் மொபைல் சிக்னலே உள்ளே தரும் கருவி இருக்கிறது. ரோமிங் திறந்திருந்தால் உங்கள் போன் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் போட்ட வளைகுடா ரோமிங் பேக் தரைக்குத்தான். வானத்துக் கட்டணம் தனி. ஒரு தட்டுத் தட்டினால் முடிகிற வேலை, தட்டிவிடுங்கள்.

சார்ஜ் தாங்குமா? பவர் பேங்க் கொண்டு போகலாமா?

நம் பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, அதுதான் சிக்கல். அதிகாலை விமானத்துக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கார் கிளம்பும். நாங்குநேரி தாண்டும்போது டிரைவருக்குத் தூக்கம் வரக்கூடாது என்று போனில் பாட்டு. ஆரல்வாய்மொழியில் டீ குடிக்கும்போது பேரனுக்கு வீடியோ கால். நாகர்கோவில், களியக்காவிளை என்று வழி பார்க்க மேப். திருவனந்தபுரம் போய் இறங்கும்போது 40 சதவீதம்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் படம் பார்ப்பது கடினம்.

எனவே காரில் ஒரு சார்ஜர் இருக்கட்டும். பாட்டு, மேப் எல்லாம் டிரைவர் போனில் ஓடட்டும். பயணம் போகிறவரின் போனைத் தொடாதீர்கள். சில விமானங்களில் சீட்டில் யுஎஸ்பி துளை இருக்கும், மெதுவாக ஏறும். பழைய அகலத் துளையாக இருக்கலாம், அதற்கு ஏற்ற கேபிள் வேண்டும். படம் பார்க்கும்போது திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் கணிசமாக மிச்சமாகும்.

பவர் பேங்க் விஷயத்தில் கவனம் தேவை. லக்கேஜ் பெட்டியில் வைக்கவே கூடாது; கைப்பையில் மட்டும். அளவு 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 100 முதல் 160 வரை என்றால் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. நம்மிடம் இருப்பதில் எம்ஏஎச் என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கும். அதை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74; இரண்டும் சரி. 30,000 என்றால் 111, சிக்கல். எழுத்தே அழிந்துபோன பழைய பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டால் வாதாட முடியாது.

கொண்டு போகலாம் என்பதால் உள்ளே பயன்படுத்தலாம் என்று ஆகிவிடாது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்தது. விசாரணையில் சந்தேகம் பவர் பேங்க் பேட்டரியின் மேல் விழுந்தது. அதன் பிறகு கெடுபிடி கூடிவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் முதல், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல், விமானத்துக்குள் பவர் பேங்க்கால் சார்ஜ் போடத் தடை செய்துவிட்டன. எமிரேட்ஸில் ஆளுக்கு ஒன்றுதான். வேறு நிறுவனங்களும் இதே வழியில் போகின்றன. பவர் பேங்க்கை நம்பி இருக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்லும் ஒரே பதில். நூறு சதவீதத்தோடு ஏறுங்கள்.

எந்த இயர்போன் வேண்டும்?

தினமும் பயன்படுத்துவதே போதும். புளூடூத்தும் ஆகும். ஆனால் வயர் வைத்தது ஒன்றும் பையில் இருக்கட்டும், அதற்குச் சார்ஜ் வேண்டாம். போனில் வட்டத் துளை இல்லை, டைப்-சி மட்டும்தான் என்றால் அதற்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள்.

இயர்போன் இல்லாமல் சத்தமாகப் படம் பார்ப்பது வேண்டாம். மூன்று சீட்டு தள்ளி ஒருவர் இரவு வேலை முடித்து ஊருக்கு வந்து திரும்புகிறவராக இருப்பார், தூங்கட்டும்.

விமானி பேசும்போது சீட்டுத் திரை என்றால் படம் தானாக நிற்கும். போனில் அப்படி நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாதுகாப்பு விளக்கம் சொல்லும்போதும் இறங்கும்போதும் காதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தமிழ்ப் படம் இருக்குமா?

இருக்கும், ஆனால் குறைவு. இந்தி நிறைய, ஆங்கிலம் நிறைய, தமிழில் விரல்விட்டு எண்ணலாம். திருவனந்தபுரத்திலிருந்து ஏறுகிற கூட்டத்தில் எத்தனை பேர் நம் பக்கத்துக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். மதுரையிலிருந்து ஏறுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்களுக்கு இந்த எண்ணிக்கை நியாயமே இல்லை.

படங்களைப் பல விமான நிறுவனங்கள் நேரடியாக வாங்குவதில்லை. பெரும்பாலும் உரிமை வாங்கித் தொகுத்துத் தருவதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. எந்த மொழியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பெட்டியே கணக்கு வைத்துக்கொள்ளும், அந்தக் கணக்குதான் அவர்களிடம் போகும். ஆகவே, தமிழில் ஒன்று இருந்தால் அதை ஓட்டுங்கள். பயணம் முடிந்து கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வரும். நாம் யாருமே அதைத் திறப்பதில்லை. திறந்து "தமிழ்ப் படம் போதவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். எங்கள் கடையில் டிக்கெட் எடுத்தவர்கள் கேட்டால் நாங்களே எழுதிக் கொடுக்கிறோம்.

இன்னொன்று: விமானத்துக்கென்று சில காட்சிகளை வெட்டியிருப்பார்கள். விமான விபத்து வரும் காட்சி, மிகுந்த ரத்தம், இப்படி. தியேட்டரில் பார்த்தது இல்லையே என்று தேட வேண்டாம்.

குழந்தைகளுக்கு?

கார்ட்டூன் பகுதி இருக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி போனோ டேப்லெட்டோ இல்லாவிட்டால் சண்டை வரும், அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வைஃபை பாதுகாப்பானதா?

விமானத்துக்கு ஆபத்து இல்லை. பொருத்தும் முன்பே சோதித்து அனுமதி வாங்கித்தான் வைக்கிறார்கள். உங்கள் போனைப் பொறுத்தவரை, பாஸ்வேர்டு இல்லாத பொது வைஃபை அது. படம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வங்கி விவரம் எதுவும் அடிக்க வேண்டாம்.

போன் சீட் இடுக்கில் விழுந்துவிட்டால்?

சீட்டை அசைக்காதீர்கள். முன்னே பின்னே சாய்க்கவே கூடாது. இந்த ஒரு விஷயத்தை நான் எல்லோரிடமும் இரண்டு தடவை சொல்வேன். படம் பார்த்தபடியே தூங்கிவிடுவோம், போன் நழுவி சீட்டுக்கு நடுவே போய்விடும். எடுக்கலாம் என்று சீட்டைச் சாய்த்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி போனை நசுக்கும். பேட்டரி நசுங்கினால் புகையும் தீயும் வரும். தலைக்கு மேலே உள்ள மணியை அழுத்திப் பணியாளரைக் கூப்பிடுங்கள். எப்படி எடுப்பது என்று அவர்களுக்குப் பயிற்சி இருக்கிறது. போன் தொட முடியாத அளவு சூடானாலும் அந்தானைக்கு அவர்களிடம் சொல்லிவிடுங்கள், பையில் மூடி வைக்காதீர்கள்.

இறங்கியதும் மகனுக்கு மெசேஜ் போகவில்லையே, ஏன்?

விமானம் ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே எல்லோரும் ஃப்ளைட் மோடை எடுப்பார்கள். போன் இன்னும் விமானத்தின் வைஃபையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மெசேஜ் அந்தப் படப்பெட்டியோடு நின்றுவிடும். வைஃபையை அணையுங்கள். ரோமிங் போட்டிருந்தால் சில நிமிடங்களில் சிக்னல் வரும். போடவில்லை என்றால் விமான நிலையத்தின் இலவச வைஃபை இருக்கிறது, துபாயில் உண்டு. அதிலும் சேராவிட்டால் பெட்டி வரும் இடத்தில் நம் ஊர் முகம் ஒன்று கட்டாயம் இருக்கும். "தம்பி, என் மவனுக்கு ஒரு போன் போட்டுத் தாரியா" என்று கேளுங்கள். மகனின் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருங்கள்.